டாக்கோவுக்குக் கீழே ஒரு தமிழ் வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முன்பு தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில், வெள்ளவத்தையில் அடுத்தடுத்து முளைக்கும் வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளைக் கண்டித்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். "இப்போது மெக்சிக்கோக் கடையும் வந்துவிட்டது. நமக்கும் மெக்சிக்கோவுக்கும் என்ன உறவு?" என்று கேட்டு அவர் கடிதத்தை முடித்திருந்தார். அந்தக் கடை எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறது. நான் போய்ச் சாப்பிட்டேன். அன்பரின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்தக் கடைமீது எனக்கும் ஒரு முறைப்பாடு இருக்கிறது; ஆனால் அது அவருடைய முறைப்பாடு அல்ல.

நான் 34 வருடம் மனைப்பொருளியல் கற்பித்து, 2017இல் ஓய்வு பெற்றவள். ஊர் சுன்னாகம். 1996இலிருந்து வெள்ளவத்தைதான் வீடு. சாப்பாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காலம் போனதால், இந்த விடயத்தில் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் என் பேத்திக்குப் பதினேழு வயது நிறைந்தது. எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று கேட்டதும் இந்தக் கடையைத்தான் சொன்னாள். முன்பு அந்த இடத்தில் ஒரு தையற்கடை இருந்தது. கடை திறந்த நாளிலிருந்து, காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அங்கிருந்து ஒரு மணம் வரும். இறைச்சி வாட்டும் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம். எனக்கு நன்றாகத் தெரிந்த மணம்தான், ஆனால் எதனுடையது என்று பிடிபடவில்லை. அதை அறியும் ஆசையும் எனக்கு இருந்தது.

நாங்கள் மூவர் போனோம். பேத்தி, நான், என் கணவரின் அக்காவான மச்சாள். மச்சாளுக்கு எழுபத்துநான்கு வயது. சிவதீட்சை பெற்று நாற்பது வருடமாக மச்சம் தொடாதவர். வெளியில் சாப்பிடுவதே அவருக்குப் பெரிதாக விருப்பமில்லை. பேத்தி கையைப் பிடித்து இழுத்ததால் வந்தார்.

மேசைக்கு ஓர் அட்டை வந்தது. இரண்டு பக்கமும் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். நாளாந்தம் ஆங்கிலப் பத்திரிகையும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த அட்டையில் பாதி விளங்கவில்லை. டாக்கோ, புரிட்டோ, கெசடியா, என்சிலாடா என்று பெயர்கள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் விளக்கம். அந்த விளக்கத்துக்குள்ளும் சிப்போட்லே, பீக்கோ டி கயோ என்று விளங்காத பெயர்கள். எது மரக்கறி என்று காட்டச் சில வரிகளின் முன்னால் சிறிய பச்சை இலை ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. மச்சாளின் கண்ணாடிக்கு அந்த இலை ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. பேத்தி தன் போனை எடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடத் தொடங்கினாள்.

அப்போதுதான் பரிமாறும் பையன் வந்தான். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். பழக்கியபடி ஆங்கிலத்தில் தொடங்கினான். "தம்பி, தமிழில் சொல்லுங்கள்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டாக்கோ என்பது நம்முடைய ரொட்டி மாதிரித்தான் அம்மா. ஆனால் சோள மாவில் சுட்டது, உள்ளங்கை அளவு. நடுவில் கறியை வைத்து மடித்துத் தருவோம். புரிட்டோ பெரிய கோதுமை ரொட்டி. சோறும் அவரையும் உள்ளே வைத்து, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுவோம். கெசடியா என்றால் மடித்த ரொட்டிக்குள்ளே சீஸ் உருகியிருக்கும்." இரண்டு நிமிடத்தில் அட்டை முழுவதும் எங்களுக்கு விளங்கிவிட்டது. மச்சாள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து, "அவரை இங்கேயும் உண்டா?" என்று கேட்டார்.

மச்சாளுக்காக இலைக்குறி போட்ட சோற்றுக் கிண்ணம் ஒன்று கேட்டோம். சிவந்த சோறு, மசித்த அவரை, வாட்டிய மரக்கறி. மெக்சிக்கோவில் அவரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்கி மசிப்பது பழைய வழக்கம் என்று நான் வாசித்திருந்தேன். அதனால் பையனிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவன் குசினிக்குள் போய் விசாரித்து வந்து, மரக்கறி எண்ணெய்தான் என்றான். நிம்மதியாக இருந்தது. சோற்றைப் பற்றி நான் கேட்கவில்லை. தக்காளி போட்டு அவித்த சோறுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாய் சாப்பிட்டதும் மச்சாள் கரண்டியை நிறுத்தினார். "இதிலே ஏதோ மணக்கிறது" என்றார். பையன் மறுபடியும் உள்ளே போனான். இந்த முறை வர நேரம் எடுத்தது. சோற்றைக் கோழிச் சூப்புக் கட்டி கரைத்த தண்ணீரில்தான் அவிப்பார்களாம். இறைச்சித் துண்டு இல்லாததால் இலைக்குறி போட்டார்களாம்.

மச்சாள் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளையின் பிறந்தநாள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை சிரித்த முகத்தோடு இருந்தார். ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்து, விளக்கேற்றிய பிறகுதான் வாயில் தண்ணீர் பட்டது. அந்தப் பையனும் எங்கள் மேசைக்கருகில் கலங்கிப்போய் நின்றான். பிழை அவனுடையது அல்ல. கடைக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டார், அந்தக் கிண்ணத்துக்குப் பணமும் எடுக்கவில்லை. வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு குறியால் காட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். நாற்பது வருட விரதம் அந்தக் குறியை நம்பித்தான் கலைந்தது.

இதனால் அந்தக் கடையையே வெறுத்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் சாப்பிட்ட டாக்கோவைப் பற்றியும் எழுதினால்தான் நியாயமாகும்.

கடையின் மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மா உருண்டையை இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து ஒரே அழுத்து. மெல்லிய வட்டம். அதைக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டதும் ஓரம் நிறம் மாறுகிறது. திருப்பியதும் நடுவில் காற்றுப் பிடித்துப் பூரி போல எழும்பி, மெல்ல அமர்கிறது. சுட்டதைத் துணிக்குள் அடுக்கி மூடிவைக்கிறார். நாங்கள் பிட்டைத் துணியால் மூடி ஆவி போகாமல் வைப்போமே, அதே கைப்பக்குவம். பேத்தியைச் சாப்பிடவிட்டு நான் எழுந்துபோய்க் கண்ணாடியருகில் நின்றேன். அந்த மணம் அங்கிருந்துதான் வந்தது. கிட்டப் போனதும் பிடிபட்டுவிட்டது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் முதல் மழை விழுந்தால் எழும் மணம். என் அம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுண்ணாம்புச் சிமிழின் மணம்.

அது சுண்ணாம்பேதான். மெக்சிக்கோ மக்கள் சோளத்தை வெறும் தண்ணீரில் அவிப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் அதிலேயே ஊறவிட்டு, காலையில் கழுவித் தோலை நீக்கிவிட்டு அரைக்கிறார்கள். அதற்கு நிக்ஸ்டமால் என்று பெயர். அவர்களுடைய பழைய நாவாத்தல் மொழியில் சாம்பலையும் மாப்பண்டத்தையும் சேர்த்து உண்டான சொல். ஆயிரக்கணக்கான வருடப் பழக்கம். இந்தக் கடையில் அப்படிப் பதப்படுத்தி உலர்த்திய மாவைப் பையில் வாங்கிக் குழைக்கிறார்கள். ஆனாலும் மணம் போகவில்லை.

வகுப்பறையில் நான் வருடந்தோறும் பெலக்ரா நோயைக் கற்பித்தேன். நியாசின் என்ற உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. தோல் வெடிக்கும், வயிற்றோட்டம் வரும், புத்தி தடுமாறும், கவனிக்காவிட்டால் உயிர் போகும். சோளத்தையே முழுச் சாப்பாடாகக் கொண்ட ஏழைகளுக்கு வருவது என்று கரும்பலகையில் எழுதுவேன். ஸ்பெயினில் 1735இல் கஸ்பர் கசால் என்ற வைத்தியர் இந்த நோயைக் கண்டு எழுதினார். பிறகு வட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஏராளமானோர் இதனால் மடிந்தார்கள். அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பர்கர் இது தொற்றுநோயல்ல, சாப்பாட்டுக் குறை என்று நிறுவினார். நியாசினே மருந்து என்று தெரிந்தது 1937இல்தான். அப்படியானால் சோளத்தின் தாய்நாடான மெக்சிக்கோவில் தலைமுறை தலைமுறையாகச் சோளம் உண்ட மக்கள் எப்படித் தப்பினார்கள்? சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசினைச் சுண்ணாம்பு நீர் விடுவித்து உடலில் சேரச் செய்கிறது. ஸ்பானியர் சோளத்தைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். அதைப் பக்குவம் செய்யும் முறையைச் சமையற்காரப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை. அதற்கான விலையை ஐரோப்பாவின் ஏழைகள் கொடுத்தார்கள். 34 வருடம் நோயைக் கற்பித்த எனக்கு, அதன் தீர்வு அறுபத்தெட்டாவது வயதில், எங்கள் ஒழுங்கையில், சூடான ரொட்டியாகக் கைக்கு வந்தது. கண்ணாடியருகில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

சாப்பாடும் நன்றாக இருந்தது. வாட்டிய கோழி, பொடியாக வெட்டிய வெங்காயம், கொத்தமல்லி இலை, மேலே பிழிய ஒரு துண்டுத் தேசிக்காய். பக்கத்தில் சுட்ட தக்காளியும் சுட்ட மிளகாயும் சேர்த்து அரைத்த சல்சா. ஊரில் கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுச் சம்பல் போடும்போது வருமே, அந்தக் கருகல் வாசம் அதில் இருந்தது. செத்தல் மிளகாய் சற்றுத் தீய்ந்தால் வரும் உறைப்பும் இருந்தது. மடித்த டாக்கோவைச் சிந்தாமல் கடிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும் என்று பேத்தி காட்டித் தந்தாள். வெண்ணெய்ப்பழத்தை மசித்து உப்பும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்த குவாக்கமோலேயும் வந்தது. நாம் அந்தப் பழத்தில் சீனியும் கட்டிப்பாலும் விட்டுத்தானே சாப்பிட்டுப் பழகியவர்கள். எனக்கு இனி உப்புப் போட்டதுதான். மூவருக்கும் சேவைக் கட்டணம் 10 வீதத்தோடு 7,900 ரூபாய் வந்தது. பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம், மாதாமாதம் முடியாது.

இனி, என்ன உறவு என்று கேட்ட அன்பருக்கு.

என் தகப்பனார் சுன்னாகத்தில் எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டத்தில் மிளகாய் செய்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். எங்கள் முற்றத்தில் பாய் பாயாக மிளகாய் காயும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தும்மாமல் வீட்டுக்குள் போக முடியாது. அந்தச் செத்தல் மிளகாய்ச் சாக்குகள் லொறியில் ஏறிக் கொழும்புக்கு வந்த காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டார்கள். அந்தக் காசில்தான் என் அண்ணன் படித்தார், நான் படித்தேன், ஆசிரியையானேன். மிளகாயின் ஊர் மெக்சிக்கோ. போர்த்துக்கீசர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். ஸ்பானியர் கோர்த்தேஸ் என்ற தளபதியின் தலைமையில் 1519இல் மெக்சிக்கோவில் இறங்கினார்கள். அந்த நூற்றாண்டில் போர்த்துக்கீசக் கப்பல்கள் வழியாகத்தான் மிளகாய் நம் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு நம்முடைய உறைப்பு மிளகுதான். சங்கத் தமிழில் கறி என்றாலே மிளகு. எங்கள் வளவு வேலியில் நின்று ஆட்டுக்குக் குழை தந்த கிளிசறியா மரமும் அந்தப் பக்கத்து மரமே.

கொடுத்தது அவர்கள் மட்டுமல்ல. இலங்கைக் கறுவாவை உலகில் அதிகமாக வாங்கும் நாடு மெக்சிக்கோ. அந்தக் கடையில் அரிசியை ஊறவைத்து அரைத்து, சீனியும் கறுவாவும் சேர்த்து ஓர்ச்சாத்தா என்ற குளிர்பானம் தருகிறார்கள். மச்சாளுக்கு அதையாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்திருந்தார்.

அன்பர் இதைத் துரித உணவு என்றும் எழுதியிருந்தார். சோளமும் அவரையும் மிளகாயும் அடித்தளமான மெக்சிக்கோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்தது. இரவு முழுவதும் ஊறவைத்துச் செய்யும் சாப்பாட்டைத் துரிதம் என்று சொல்வது முறையல்ல.

என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். அன்று எங்களுக்கு அடுத்த மேசையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. கணவன், மனைவி, கணவனின் தாயார். தாயார் கைத்தறிச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். கோயிலிலிருந்து நேரே வந்தவர்கள் போலத் தெரிந்தது. அட்டையை மகன் வாசித்தார், மனைவியிடம் கொடுத்தார், அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாயாரிடம் யாரும் அட்டையைக் கொடுக்கவில்லை. எங்களுடைய பையன் வேறு மேசையில் நின்றான். அவர்களிடம் போனது ஆங்கிலத்தில் மட்டும் பேசிய இன்னொருவர். மகன் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மூன்று போத்தல் மென்பானமும் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியலும் வந்தன. அவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அம்மா போகும்போது, ரொட்டி சுடும் பெண்ணின் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அவருக்கு அது விளங்கியிருக்கும். அட்டைதான் வழியை மறித்தது.

மறுநாள் காலை, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்காரரிடம் போனேன். சிங்கள இளைஞர், மரியாதையானவர். முதல் நாள் நடந்ததற்கு மறுபடியும் வருத்தம் தெரிவித்தார். அட்டையில் தமிழும் சிங்களமும் சேர்க்கக் கூடாதா என்று கேட்டேன். "எங்களிடம் வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், அன்ரி" என்றார். தெரியாதவர்கள் வந்து பொரியலோடு திரும்பிப் போவதை அவர் காணவில்லை. பிறகு இன்னொன்றும் சொன்னார்: "இந்தச் சாப்பாடுகளுக்குத் தமிழில் பெயரே இல்லையே."

இந்தப் பேச்சை அவரிடமிருந்து மட்டுமல்ல, நம்மவர்களிடமிருந்தும் கேட்கிறேன். பெயர் இல்லையா? கடல் கடந்து வந்த எதை நம் முன்னோர் பெயரில்லாமல் வாயில் வைத்தார்கள்? புதிதாக வந்த உறைப்புக் காயைப் பார்த்தார்கள், மிளகைப் போல உறைக்கிறது, மிளகுகாய் என்றார்கள், மிளகாய் ஆயிற்று. மணத்தக்காளியை அறிந்திருந்தார்கள், அந்தச் சாயலில் பெரிதாக ஒரு பழம் வந்ததும் சீமைத்தக்காளி என்றார்கள். காலப்போக்கில் சீமை உதிர்ந்து தக்காளி நின்றது. வெண்ணெய்ப்பழத்தை ஆங்கிலேயர் அலிகேட்டர் பெயார் என்றார்கள். சிங்களவர் அலிகெட்ட பேர என்கிறார்கள். சிங்களத்தில் அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. தமிழிலும் அதற்கு ஆனைக்கொய்யா என்று ஒரு பெயர் இருக்கிறது. வந்த பெயரையே வைத்துக்கொண்டதும் உண்டு. போஞ்சி ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், அன்னாசி போர்த்துக்கீசர் கொண்டுவந்த சொல். இன்று இவற்றை அந்நியச் சொல் என்று யார் எண்ணுகிறார்கள்? ஸ்பானியரும் இதைத்தான் செய்தார்கள். மெக்சிக்கோ மக்கள் த்லாஷ்கல்லி என்று சொன்ன ரொட்டியைப் பார்த்து, தங்கள் நாட்டுச் சின்னப் பணியாரத்தின் பெயரால் தோர்த்தியா என்று அழைத்தார்கள்.

ஆகவே டாக்கோவை வேறு பெயரால் எழுதும்படி நான் கேட்கவில்லை. பிட்டைப் பிட்டு என்றுதான் உலகம் சொல்ல வேண்டும். டாக்கோ டாக்கோவாகவே இருக்கட்டும். தமிழெழுத்தில் டாக்கோ என்று போட்டு, அதற்குக் கீழே அந்த ஹட்டன் பையன் சொன்ன மாதிரி ஒரு வரி எழுதினால் போதும். அன்றிரவு மேசையில் உட்கார்ந்து, அட்டையில் இருந்த பதினொரு சாப்பாட்டுக்கும் நானே எழுதிப் பார்த்தேன். ஒரு வரியில் அடங்காதது எதுவும் இருக்கவில்லை. டாக்கோ: கோழியோ மரக்கறியோ வைத்து மடித்த சிறிய சோள ரொட்டி. என்சிலாடா: கறி வைத்துச் சுருட்டி, மிளகாய்க் குழம்பு ஊற்றிய சோள ரொட்டி. குவாக்கமோலேக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, வெண்ணெய்ப்பழச் சம்பல் என்று எழுதினேன். பிறகு பேத்தி தேடிப் பார்த்துச் சொன்னாள்: நாவாத்தல் மொழியிலேயே அந்தச் சொல், வெண்ணெய்ப்பழம் என்ற சொல்லும் குழைத்த குழம்பு என்ற சொல்லும் சேர்ந்ததுதானாம். அரைத்துக் குழைத்துச் சாப்பிடும் இரண்டு சமையலறைகள் ஒரே பெயரில் வந்து சந்தித்ததில் எனக்கு உண்டான சந்தோசத்தை அவளும் பார்த்தாள்.

ஒரு கடைக்காக மட்டும் இதை எழுதவில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை, கொட்டாஞ்சேனை என்று தமிழ் பேசுகிறவர்கள் செறிந்து வாழும் இடங்களில்கூட, சாப்பாட்டுக் கடைகளின் அட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தமிழர் நடத்தும் கடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இடியப்பத்தையும் சொதியையும் ஆங்கிலத்தில் எழுதித் தமிழருக்கே விற்கிறோம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அது அரசாங்கக் கந்தோருக்கு உரியது, கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பார்கள். சரி. ஆனால் சாப்பாட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது மொழி உரிமை மட்டுமல்ல. மச்சாளுக்கு அது விரதம். முஸ்லிம் சகோதரருக்கு அது ஹலால். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு அது உயிர். 2016இல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. எழுத்தறியாதவர்களுக்கும் அது விளங்குகிறது. போத்தலுக்குச் செய்ய முடிந்ததைச் சோற்றுக் கிண்ணத்துக்கும் செய்யலாம்.

கொழும்பு மாநகர சபையிடம் என் வேண்டுகோள்: வருடாந்தம் வியாபார அனுமதிப் பத்திரம் கொடுக்கும்போது, உணவுப் பட்டியலில் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் இருக்க வேண்டும் என்று கடைக்காரர்களை அறிவுறுத்துங்கள். மரக்கறி என்று குறியிட்டால் இறைச்சிச் சூப்பும் கொழுப்பும்கூட அதில் சேரக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடைக்காரர்களிடம்: உங்கள் கடையிலேயே தமிழும் சிங்களமும் பேசும் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போக வேண்டாம், அவர்களைக் கேளுங்கள். அதற்கான கூலியையும் கொடுங்கள். தங்களிடம், ஆசிரியர் அவர்களே: தங்கள் பெண்கள் பக்கத்தில் கிழமைக்கு ஒரு வெளிநாட்டுச் சாப்பாட்டை எடுத்து, அது என்ன, எதில் செய்தது, நம் சமையலில் எதைப் போன்றது என்று நாலு வரி போடலாமே. அதை வெட்டி வைத்துக்கொள்ளும் வாசகிகள் என்னைப்போல் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் எழுதிய பதினொரு வரிகளையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போது சேர்ப்பதாகச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார். பையன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, புரிட்டோ வரியில் பாய் சுருட்டுவதைச் சேர்த்திருக்கிறேனா என்று தேடினான். சேர்த்திருக்கிறேன். அதன் பிரதி ஒன்றைத் தங்கள் பார்வைக்கு இத்துடன் இணைத்திருக்கிறேன். சோற்றுக் கிண்ணத்துக்கான வரியில் மரக்கறியா இல்லையா என்பதை மட்டும் இன்னும் எழுதவில்லை. சூப்புக் கட்டியை நிறுத்துவதா, இலைக்குறியை எடுப்பதா என்று சமையற்காரர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது என் கையெழுத்து அல்ல. தபாலில் சேர்ப்பதற்கு முன்பு மச்சாள் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். மசித்த அவரைக்கான வரியின் பக்கத்தில் அவர்தான் எழுதினார்: "என்ன எண்ணெய் என்றும் போடவும்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.